மஞ்சள் சொல்லும் சேதி

ஆண்டு மலரில் எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று முகம் சுளிக்காதீர்கள் நண்பர்களே! ஒண்ணுக்குப் போவதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். தினமும் நாலைந்து தடவை நம் உடம்பு ஒரு சேதி அனுப்புகிறது. வெட்கத்தை விட்டு அதைப் படித்துப் பார்த்தால் என்ன?

முதலில், சிறுநீர் ஏன் மஞ்சளாக இருக்கிறது? நம் இரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாட்கள் உழைத்துவிட்டுச் சிதைகின்றன. அப்போது பிலிருபின் என்ற நிறப்பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களால் அது உருமாறி, முடிவில் யூரோபிலின் என்ற மஞ்சள் பொருளாகிச் சிறுநீரில் வந்து சேர்கிறது. பாக்டீரியாவிடம் இந்த வேலையைத் தொடங்கி வைக்கும் நொதி எது என்பதை 2024-இல்தான் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். மனிதன் நிலவுக்குப் போய் வந்து ஐம்பது வருஷம் கழித்து!

சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அநேகமாக முழுவதையும் திரும்ப இரத்தத்துக்கே தந்துவிடுகின்றன. வெளியே வருவது ஒன்றரை லிட்டர் அளவுதான். நாம் குடிப்பது குறைந்தால் அவை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். டீத்தூள் அதேதான், தண்ணீர் குறைந்தால் டிகாஷன் திக்காகிறது அல்லவா? அப்படித்தான் இதுவும்.

சர்வே கேம்ப் போன சிவில் மாணவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். காலை முதல் மாலை வரை தியோடலைட்டும் ஸ்டாஃபுமாகப் பொட்டல் வெயிலில் நின்றோம். மத்தியானத்துக்குள் தலைவலி, நாக்கு வறட்சி, கடும் மஞ்சளில் நீர். "சூடு பிடிச்சிருக்குடி, மோர் குடி" என்றாள் தோழி. அவள் சொன்ன வைத்தியம் சரியே. தண்ணீர், நீர்மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு எதுவானாலும் போதும். சில மணி நேரத்தில் நிறம் வெளிறிவிடும்.

சில மஞ்சள் வெறும் வேஷம். பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டால் பளீரென்ற மஞ்சளாகப் போகும். காரணம் அதிலுள்ள பி2 வைட்டமின். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் ஆரஞ்சு நிறமாக்கும். அதற்குப் பயந்து யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

ஆனால் எல்லா மஞ்சளும் தண்ணீருக்கு மசியாது. விடுதியில் ஒரு தோழிக்கு மூன்று நாளாக டீ நிறத்தில் போனது. குடம் குடமாகக் குடித்தும் மாறவில்லை. சோற்று வாசனையே பிடிக்கவில்லை, குமட்டல். "ஊருக்குப் போய் மந்திரிச்சா சரியாயிடும்" என்றார்கள் சிலர். விடுதிக் காப்பாளர் அவள் கண்ணின் வெள்ளை விழியைப் பார்த்தார், அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் பரவும் ஹெபடைடிஸ்-ஏ என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. ஓய்விலும் கவனிப்பிலும் தேறி வந்துவிட்டாள்.

ஆகவே, எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

1. நன்றாகத் தண்ணீர் குடித்தும் ஓரிரு நாளில் நிறம் வெளிறாவிட்டால்.

2. கண் மஞ்சளித்தால், மலம் வெளுத்துப் போனால், உடம்பெல்லாம் அரித்தால்.

3. எரிச்சல், காய்ச்சல், விலாப்புற வலி சேர்ந்து வந்தால்.

4. சிவப்பாகவோ கோலா நிறத்திலோ போனால். அதிலும் கடுமையான உடற்பயிற்சிக்குப் பின் தசைவலியோடு அப்படிப் போனால் அன்றைக்கே போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடும்.

5. வெயிலில் வேலை செய்தவர் பிதற்றினாலோ மயங்கினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். "தண்ணி நிறையக் குடிங்க" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேம்பில் பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தும் நாங்கள் ஆறு பெண்களும் வாய் நனைக்கும் அளவுக்கு மேல் குடிக்கவில்லை. "குடிச்சா போகணுமே, எங்கடி போறது?" என்று ஒருத்தி கேட்டாள். சுற்றிலும் பொட்டல், ஒதுங்க ஒரு மரம் இல்லை. கல்லூரியில் மட்டும் என்ன வாழ்கிறது? தாழ்ப்பாள் இல்லாத கதவையும் வராத குழாயையும் நினைத்தே காலையில் குடித்த காப்பியோடு மாலை பஸ் ஏறும்வரை இருப்பவர்கள் எத்தனை பேர்! நீரைக் குறைப்பதும் அடக்குவதும் பழக்கமானால் நீர்த்தாரைத் தொற்றும், நீர் குறைவதால் சிறுநீரகக் கல்லும் வர வழி ஏற்படும்.

மாணவர் பேரவைத் தோழர்களே! ஒர்க்‌ஷாப் வாசலில் வாட்டர் கூலர் வாங்கித் தந்தீர்கள், நன்றி. அந்தத் தண்ணீரை நாங்களும் தைரியமாகக் குடிக்க வேண்டும். அடுத்த ஆண்டுக் கோரிக்கைப் பட்டியலில் முதல் வரியாக எழுதிக் கொள்ளுங்கள்: ஒவ்வொரு கட்டிடத்திலும் மாணவிகளுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை. சர்வே கேம்புக்கு ஒரு மறைப்புக் கூடாரம்.