பதினைந்து ஈரோப் பெட்டி

திங்கட்கிழமை எங்கள் ரெஸ்ரோரன்ட் பூட்டு. பாரிசின் கிழக்கு விளிம்பிலுள்ள போர்த் து மொந்ரேய் பழஞ்சாமான் சந்தையும் சனி, ஞாயிறு, திங்களில்தான் கூடும். காசில்லாத நாளிலும் அங்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது என் வழக்கம். போன மாரியில் ஒரு மேசைக் கணனி கிடந்தது. பழுப்பேறிய பெட்டி. மேலே ஒரு விசைப்பலகை. என்னை வாங்கவைத்தது அந்த விசைப்பலகைதான். ஒவ்வொரு விசையிலும் தமிழ் எழுத்து ஒட்டி, பாதி தேய்ந்திருந்தன. விற்றவனுக்கு அது என்ன மொழியென்றே தெரியாது. யாருடையதோ நிலவறையைத் துப்புரவாக்கியபோது கிடைத்ததாம். 15 ஈரோ.

நான் யாழ்ப்பாணக் கம்பஸில் கணனி படிக்கத் தொடங்கி இரண்டாம் வருடத்தோடு விட்டவன். 2012இல் இங்கு வந்ததிலிருந்து கோப்பை கழுவுகிறேன். இப்போது சலாட் வெட்டவும் விடுகிறார்கள்.

அறையிலிருந்த பழைய தொலைக்காட்சியில் பொருத்திப் போட்டேன். விண்டோஸ் தொடங்குமுன்பே கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்டது. மூன்று தரம் பிழைத்ததும் உறைந்து நின்றது.

அந்தக் கடவுச்சொல் வட்டில் இருப்பதில்லை. தாய்ப்பலகையிலுள்ள சின்ன நினைவகம் ஒன்றில் இருக்கும். கணனி நிற்கும் நேரமெல்லாம் அந்த நினைவகம் நாணயம் போன்ற ஒரு பற்றரியில் உயிர் வாழும். சீஆர் 2032 என்று கேட்டால் எந்தக் கடையிலும் தருவார்கள். கழற்றினால் மறதி வந்துவிடும். (மடிக்கணனிகள் பலவற்றில் இந்த வித்தை பலிக்காது. அவை பற்றரி இல்லாமலே ஞாபகம் வைத்திருக்கிற சில்லில் எழுதிவைக்கும்.) 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டியபிறகு எங்களுக்கு இந்தப் பற்றரி கிடைப்பதே பெரும்பாடு. நாங்கள் பழகிய கணனிகள் ஒவ்வொரு காலையும் இது எந்த வருடம் என்று எங்களிடம் கேட்கும்.

மேசைக் கத்தியின் நுனியால் பற்றரியைக் கிளப்பினேன். பக்கத்தில் மூன்று ஊசிகள். முதலிரண்டையும் மூடியிருந்த தொப்பியைக் கழற்றி, அடுத்த இரண்டில் கொஞ்ச நேரம் போட்டு, பழையபடி மாற்றினேன். வேலைக்குப் போய்வந்து திரும்பப் போட்டபோது அது ஒன்றும் கேட்கவில்லை. தன் வட்டையும் மறந்திருந்தது, அதை மீண்டும் அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது.

பிறகு விண்டோஸ் 98. அதுவும் கடவுச்சொல் கேட்டது. ஆனால் அது பூட்டே இல்லை, கதவில் தொங்குகிற சீலை. எஸ்கேப் விசையை அழுத்தினால் உள்ளே விட்டுவிடும். தப்பியோடு என்று பெயர் வைத்த விசை! எங்களில் ஒருவருக்கும் அது இவ்வளவு சுலபமாய் வேலை செய்ததில்லை.

ஒரு கோப்புறையில் நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள். திகதிகள் 1999, 2000. திறந்தால் ஆங்கில எழுத்துக்கள் அரைப்புள்ளிகளோடு குழம்பிக் கிடந்தன. பாமினியில் அடித்தவர்களுக்குத் தெரியும், 'அம்மா' என்பது அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவை மாற்றினேன். தமிழ் எழும்பி வந்தது.

நின்றுபோன ஏதாவது சிறுபத்திரிகையாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். இல்லை. எல்லாம் கேஸ். பிரெஞ்சுக்கு மாற்றுவதற்காகத் தமிழில் அடித்து வைத்த அகதி விண்ணப்பங்கள். எல்லாம் பிறந்த ஊரில் தொடங்கின. பெயர், பிடித்துக்கொண்டு போன திகதி, வைத்திருந்த இடம், யார் காசு கொடுத்து வெளியில் எடுத்தது. மூன்றாவதில் எங்களூருக்கு அடுத்த ஊர் வந்தது. ஒரு பெண்ணினுடையது. ஒரு பந்தியோடு மூடிவிட்டேன்.

அந்த மனிதர் ஏன் பூட்டி வைத்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. நானோ ஒரு மேசைக் கத்தியால் திறந்துவிட்டேன்.

என்னுடைய கேஸையும் இப்படித்தான் ஒருவர் தன் வீட்டுக் குசினியில் வைத்து எழுதினார். அவராகச் சேர்த்த இரண்டு வரியை விசாரணையில் நான் பிழையாகச் சொன்னேன். முதல் தடவை நிராகரித்துவிட்டார்கள். ஆகவே இந்த நாற்பதில் நடந்தது எது, சேர்த்தது எது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. என்னுடைய கோப்பு இப்போது யாருடைய நிலவறையில் கிடக்கிறதென்று நான் அதுவரை யோசித்ததும் இல்லை.

சமையல் செய்கிற அண்ணையிடம் சொன்னேன். 1998இல் வந்தவர்.

"உடைச்சுப் போடு தம்பி."

"இது ஆவணம் அண்ணை. பேருகளை அழிச்சிட்டு எங்கையாவது குடுக்கலாம். எங்கட சரித்திரம்."

"ஆற்ற சரித்திரம்? அவையளைக் கேட்டனியோ?" வெங்காயம் வெட்டிக்கொண்டே சிரித்தார். "அதுக்குள்ள என்ரயும் கிடக்கும்."

கொஞ்ச நேரம் கழித்துக் கத்தியை வைத்துவிட்டு, "எந்த வருசத்துக் கோப்புகள்?" என்றார். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"பாத்தனியோ? கிடக்கோ?"

"பாக்கேல்லை அண்ணை."

பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அவருடைய முழுப்பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை வருடமாக அண்ணைதான்.

வருகிற திங்கட்கிழமை என் அறைக்கு வருகிறாராம். தேடுகிற இடத்தை மட்டும் திறந்துவிட்டு நான் வெளியில் போய் நிற்க வேண்டுமாம். பெயரைச் சொன்னால் நானே அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

"விசையில தமிழ் ஒட்டியிருக்கெண்டு சொன்னனிதானே. நான் அடிப்பன்."