தாழ்ந்து வாசிக்க ஒரு பெடல்

கிட்டார் வாசிப்பவனுக்கு இரண்டு கைகள் போதாது. இடது கை கம்பியை அழுத்துகிறது, வலது கை மீட்டுகிறது. பாட்டின் நடுவே சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ மிச்சமிருப்பது கால்தான். மேடைகளில் கிட்டார்காரன் காலடியில் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள் கிடப்பது இதற்காகத்தான். அவற்றில் மிக எளியது பூஸ்டர். 1968இல் நியூயார்க்கில் மைக் மாத்யூஸ் தொடங்கிய எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கம்பெனியின் ஆரம்பகாலத் தயாரிப்பான எல்.பி.பி.-1, ஒரே ஒரு டிரான்சிஸ்டரில் ஓடியது. காலடிப் பூஸ்டரை மிதித்தால் சத்தம் எகிறும். மறுபடி மிதித்தால் அடங்கும். நடுவே எதுவும் கிடையாது.

அந்த நடு எனக்குத் தேவைப்பட்டது.

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே கோடு விழுந்தது. 1959இல் தென்னிந்தியத் திருச்சபையும் இங்கே மொழியை ஒட்டிப் பிரிந்து, கன்னியாகுமரித் திருமண்டலம் தனியானது. வீட்டுக்குள் பேச்சு அப்படியெல்லாம் பிரியவில்லை. அம்மா தமிழ், அப்பா மலையாளம், சண்டை இரண்டிலும் என்று வாழும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பக்கத்துத் திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் இரண்டு மொழியிலும் பாட்டு எழுதியவர்.

எங்கள் சபையில் ஆராதனை மலையாளத்தில். மாதத்துக்கு ஒரு மாலை மட்டும் தமிழ்க் கீர்த்தனை. பாடுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பாட்டிமார். எழுபதுக்குக் குறைந்தவர் யாருமில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரு நாற்காலி காலியாகிறது. அவர்களுக்குப் பக்கவாத்தியம் நான்.

பாட்டின் அடிகளுக்கு இடையே கிட்டார் தனியாக ஒலிக்க வேண்டிய இடங்கள் உண்டு. அங்கே பூஸ்டர் வேண்டும். பாட்டிகள் அடுத்த அடியை எடுக்கும்போது அது ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சுவிட்சுக்கு ஒதுங்கத் தெரியாது, விழத்தான் தெரியும். 'டக்'கென்று சத்தம் விழுந்ததும் பாட்டிகள் தடுமாறிச் சுருதியை விட்டுவிடுவார்கள். ஒரு பாட்டி சொன்னார்: "மக்களே, ஒனக்க பெட்டி எரைஞ்சா எனக்க சத்தம் எனக்கே கேக்கல்ல. அது நின்னா எனக்குப் பயமாட்டு இருக்கு."

வால்யூம் பெடல் வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். அது குழாயை மூடுவதுபோல ஒலியையே முழுக்க மூடும். எனக்கு வேண்டியது வேறு: கிட்டாரின் இயல்பான சத்தம் எப்போதும் இருக்க வேண்டும், பூஸ்டர் சேர்க்கும் மிகுதி மட்டும் காலின் சொல் கேட்க வேண்டும். இதற்கு எக்ஸ்பிரஷன் பெடல் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் பாட்டு ஓடுவதில்லை. ஒரு மின்தடைக் குமிழ்தான் இருக்கிறது. கால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற செய்தியை மட்டும் அனுப்பும். யோசனை புதிதல்ல. 1966இல் அமெரிக்காவில் தாமஸ் ஆர்கன் கம்பெனியின் இன்ஜினியர் பிராட் பிளங்கெட்டும் கூட்டாளிகளும் ஒரு டோன் சர்க்யூட்டை ஆர்கனின் வால்யூம் பெடலுக்குள் பொருத்தியதில் பிறந்ததுதான் 'வா-வா' பெடல்.

என் பூஸ்டர் ஒற்றை ஐ.சி.யில் ஓடும் ரகம். பெருக்கத்தைத் தீர்மானிப்பவை ஒரு 56 கிலோ ஓம் தடை, ஒரு 2.7 கிலோ ஓம் தடை, அதோடு வரிசையில் ஒரு 500 கிலோ ஓம் குமிழ். குமிழின் தடை குறையக் குறையச் சத்தம் கூடும்; உச்சத்தில் ஏறக்குறைய 20 மடங்கு. கடையில் கிடைக்கும் எக்ஸ்பிரஷன் பெடல்களில் பெரும்பாலும் 10 கிலோ ஓம் குமிழ்தான். அதை நேரே கோர்த்தால், காலை முழுக்கத் தளர்த்தினாலும் சத்தம் ஐந்து மடங்குக்குக் கீழே இறங்காது. நீளமான ஒயர் இரைச்சலையும் கூடவே இழுத்து வரும்.

களியக்காவிளையில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கும் ஓர் அண்ணனிடம் போனேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாட்டு போற கம்பிய வெளியே இழுக்காதலே மக்கா. வெளிச்சத்த அனுப்பு."

அவர் சொன்னது எல்.டி.ஆர்., வெளிச்சம் பட்டால் தடை குறையும் சின்ன வில்லை. இருட்டில் பல லட்சம் ஓம். நல்ல வெளிச்சத்தில் சில நூறு ஓம். அதன் முகத்துக்கு நேரே ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யை வைத்து, இரண்டையும் கறுப்புக் குழாய்க்குள் அடைத்தோம். எல்.டி.ஆரை பூஸ்டரின் குமிழுக்கு இணையாகப் பற்றவைத்தோம். எக்ஸ்பிரஷன் பெடல் ஆள்வது எல்.ஈ.டி.யை மட்டுமே. கால் அழுத்தினால் விளக்கு பிரகாசிக்கும், தடை இறங்கும், சத்தம் ஏறும். பெடலில் கரகரப்பு இருந்தாலும் பாட்டில் கேட்காது. பாட்டு அந்தப் பக்கம் போவதே இல்லை.

சிறு நுணுக்கங்களும் உண்டு. ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் போனால்தான் எல்.ஈ.டி. கண் திறக்கும். அதனால் பெடலின் கீழ்முனையை நேரே எர்த்தில் சேர்க்காமல் 2.2 கிலோ ஓம் தடை வழியாகச் சேர்த்தார். இல்லையென்றால் காலின் முதல் பங்கு அசைவு வீணாகும். ஒன்பது வோல்ட் போகும் வழியில் ஒரு 470 ஓம் தடை. யாராவது அவசரத்தில் சாதாரண கிட்டார் ஒயரை அந்த ஜாக்கில் செருகினால் சப்ளை ஷார்ட் ஆகாமல் அது காக்கும். பெடலைக் கழற்றிவிட்டால் விளக்கு அணைந்து, பழைய குமிழ் பழையபடியே வேலை செய்யும். பெடல் இருக்கும்போது அந்தக் குமிழ் தரைமட்டத்தை வைக்கும். அதற்கு மேலே எல்லாம் கால்.

எல்.டி.ஆருக்கு ஒரு குறை சொல்வார்கள்: வெளிச்சம் போனாலும் இருட்டுக்குத் திரும்பக் கொஞ்சம் நேரமெடுக்கும். எங்களுக்கு அதுவே வரமானது. காலை எடுத்ததும் சத்தம் விழாமல் மெல்ல அடங்குகிறது. பாட்டிகள் மூச்சு எடுக்க அந்த நேரம் சரியாக இருக்கிறது. முதல் மாலை பாடி முடித்ததும் அதே பாட்டி என்னிடம் வந்து, "இண்ணு நீ வாசிச்சியா மக்களே?" என்று கேட்டார். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஒரு பெட்டி தமிழைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. காலியான நாற்காலிகளை எந்த ஐ.சி.யும் நிரப்பாது. ஆனால் பாட இருக்கிற குரல் தன்னைத் தானே கேட்க முடிந்தால் அடுத்த மாதமும் வருகிறது. இந்த வருஷம் பத்தாம் வகுப்புப் படிக்கும் இரண்டு பெண்கள், பாட்டிகளின் கீர்த்தனைகளை மலையாள எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 'ழ' இருவருக்கும் சுத்தமாக வருகிறது. குரலும் கணீரென்று இருக்கிறது. அவர்கள் பாடும் அடிகளில் காலை இன்னும் கொஞ்சம் அழுத்தலாம்.