வயதும் மருந்தும்

"எண்பதைக் கடந்தவருக்கு அந்த ஊசி எதற்கு? மூளைக்குள் இரத்தம் கசிந்துவிடுமே!" பாரிசவாதம் கண்ட முதியவரின் உறவினர் பலர் இவ்வாறு கூறக் கேட்டிருக்கின்றோம். இவ்வச்சம் பொருளற்றதன்று, ஆயினும் முழு உண்மையுமன்று.

பாரிசவாதங்களுட் பெரும்பாலானவை மூளைக்குச் செல்லும் குருதிக்குழாயை ஓர் உறைவு அடைப்பதால் விளைவன. அல்ரெப்ளேஸ் என்னும் மருந்து அவ்வுறைவைக் கரைக்கின்றது. ஆனால் தீங்கு செய்யும் உறைவு எது, காயத்தை மூடிக் காக்கும் உறைவு எது என்ற பேதம் அதற்குத் தெரியாது. முதியோரின் மூளைக் குழாய்களோ காலத்தால் நொய்ந்தவை. 1995 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருந்து ஏற்றப்பட்டோருள் நூற்றுக்கு 6.4 பேருக்கும் ஏற்றப்படாதோருள் 0.6 பேருக்கும் நிலைமையை மோசமாக்கும் மூளைக் குருதிப்பெருக்கு நேர்ந்தது.

தராசின் மறு தட்டையும் நோக்குவோம். 12 நாடுகளில் 3,035 நோயாளரிடம் நடத்தப்பெற்று 2012 இல் வெளியான ஆய்விலே பாதிக்கு மேற்பட்டோர் 80 வயதைக் கடந்தவர்கள். முதல் ஏழு நாள்களில் மருந்து ஏற்றப்பட்டோருள் நூற்றுக்கு 11 பேர் இறந்தனர். ஏனையோருள் 7 பேர். ஆறு மாதம் கழிந்தபோதோ இரு சாராரிலும் இறந்தோர் தொகை 27 ஆகச் சமன்பட்டது. முதியோர் பெற்ற பயனும் இளையோர் பெற்றதிற் குறையவில்லை. ஒன்பது ஆய்வுகளை ஒருங்குசேர்த்து 2014 இல் வெளிவந்த முடிவும் இதுவே: காலதாமதம் பயனைக் குறைக்கும், வயது ஒன்று மட்டும் தடையாகாது.

ஆகவேதான் வைத்தியர்கள் முதலில் சி.ரி. ஸ்கான் எடுத்து, மூளையிற் குருதிக்கசிவு இல்லையென உறுதி செய்கின்றனர். குருதியமுக்கத்தை 185/110 இன் கீழ்க் கொணர்கின்றனர். உறைதலைத் தடுக்கும் மாத்திரை உண்பவரா, இறுதியாக நலமுடன் காணப்பட்டது எப்பொழுது என்று வினவுகின்றனர். வழக்கமாக நாலரை மணிநேரத்துள் மருந்தை ஏற்றிவிட வேண்டும்.

அவ்வினாக்களுக்கு விடை கூற வேண்டியவர் வீட்டாரே. எமது அன்னையாருக்கு வயது 82. அவர் உண்ணும் மருந்துகளின் பெயர்களை எழுதிக் கட்டிலருகே ஒட்டியுள்ளோம். முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்து, வைத்தியசாலைக்கு விரையும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்துள்ளோம். அன்னையாரின் விருப்பத்தையும் கேட்டறிந்தோம். "பாயிலே கிடந்து அழுந்தாமல் எழும்பி நடக்கலாமெண்டால் போடட்டும், தம்பி" என்றார்.

உங்கள் இல்லத்து முதியவரிடமும், அவர் தெளிவாகப் பேசும் இந்நாளிலேயே கேட்டுவையுங்கள். ஆபத்தையும் பயனையும் நிறுத்துப் பார்ப்பது வைத்தியர் கடன். "வயது போய்விட்டது" என்று அவருக்கு முன்னரே நாம் தீர்ப்பெழுதுதல் முறையன்று.