ஓசியில எடுத்த கல்யாணம்

போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி வந்து, "அண்ணே, கேமரா வாங்கிட்டேன். முதல்ல ரெண்டு மூணு கல்யாணம் ஃப்ரீயா எடுத்துக் கொடுத்து கை பழகிக்கலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டான். நான் ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. கையில இருந்த காபி ஆறிப்போச்சு. மண்டைக்குள்ள கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சு, நேரா 2008ல கொண்டுபோய் நிறுத்திடுச்சு. அவன்கிட்ட அன்னிக்கு சொல்லாததை இங்க எழுதிடறேன்.

நமக்கு ஊரு தேவர்சோலை. ஊட்டின்னா எல்லாருக்கும் தெரியும். கூடலூர்னா பாதிப் பேருக்குத் தெரியும். தேவர்சோலைன்னா "எந்தத் தேவர்?"னு கேப்பாங்க :-) கூடலூர்லேர்ந்து சுல்தான் பத்தேரி போற ரோட்டுல வர்ற சின்ன டவுன். சுத்தி தேயிலை. ஜூன்ல ஆரம்பிக்கிற மழை செப்டம்பர் வரைக்கும் குடையை மடக்க விடாது. தமிழ், மலையாளம், கன்னடம் மூணும் ஒரே டீக்கடையில கேக்கும்.

அப்போ நான் கோவையில ஒரு கம்பெனியில ஆணி புடுங்கிக்கிட்டு இருந்தேன். ஆறு மாசம் காசு சேர்த்து செகண்ட் ஹேண்ட்ல ஒரு நிக்கான் டி40 வாங்கினேன், 18,000 ரூபாய். ஆறு மெகாபிக்சல். இன்னிக்கு செல்போன் சிரிக்கும். அப்போ அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டா பஸ் கண்டக்டர்கூட "சார்"னுதான் கூப்பிட்டார். எல்லாரும் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கு, வாங்குன்னு சொன்னாங்களேன்னு அதையும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மாட்டினப்புறம்தான் தெரிஞ்சது, டி40 உடம்புக்குள்ள ஃபோகஸ் மோட்டாரே கிடையாது, அந்த லென்ஸ் அதுல தானா ஃபோகஸ் ஆகாது, கையாலதான் திருப்பணும்னு. அவ்வ்வ்வ்...

படிப்புக்குக் குறைச்சல் இல்ல. அமெரிக்காவுல டேவிட் ஹாபி 2006ல ஆரம்பிச்ச ஸ்ட்ரோபிஸ்ட்டை ராத்திரி பூரா படிப்பேன். நம்ம ஆளுங்க நடத்தின 'தமிழில் புகைப்படக்கலை' மாசாமாசம் வச்ச போட்டியை ஒண்ணு விடாம பாப்பேன். மிஸ்ட்டுக்குள்ள நிக்கிற சில்வர் ஓக் மரத்தை ஒரு படம் எடுத்துப் போட்டதுக்கு நாலு பேர் "அருமை"ன்னு சொல்லிட்டாங்க. போதாதா? தலை பூசணிக்கா சைசுக்கு ஆயிடுச்சு. அடுத்த படி கல்யாணம்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

கூடப் படிச்ச நண்பனோட தங்கச்சிக்கு ஆவணியில கல்யாணம் வச்சாங்க. நண்பனோட அப்பாவை நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். "மாமா, படத்தைப் பத்திக் கவலையே படாதீங்க, நான் எடுக்கறேன், ஒரு பைசா வேணாம்"னேன். கூடலூர்ல ஒரு ஸ்டுடியோ அண்ணன்கிட்ட ஆல்பத்தோட சேர்த்து 6,000 ரூபாய்க்குப் பேசி வச்சிருந்தாங்க. மாமா அதை வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டார். எஸ்டேட் தொழிலாளி வீட்டுல 6,000ன்னா சும்மாவா? அன்னிக்கு எனக்கு ஏதோ பெரிய தர்மம் பண்ணிட்ட மாதிரி இருந்தது. ஆடி பூரா ஒரு முகூர்த்தமும் இல்லாம, மழையில பாஸ்போர்ட் போட்டோவுக்குக்கூட ஆள் வராம, ஆவணி பொறக்கட்டும்னு உக்காந்திருந்த ஒரு மனுஷனோட முதல் கல்யாணத்தை நான் பிடுங்கினேன்கிறது மண்டையில ஏறவே இல்ல.

மாமாவைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். அவர் சிலோன்ல பொறந்தவர். 1964ல சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல இந்தியாவுக்குன்னு எண்ணி ஒதுக்கின 5,25,000 பேர் கணக்குல அவர் குடும்பமும் ஒண்ணு. தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாம்ல இருந்துட்டு, மலைக்கு வந்து சேர்ந்தவங்க. கூடலூர், பந்தலூர் பக்கம் இந்த மாதிரி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல அரசாங்கமே தேயிலை போட்டுச்சு, அதுதான் இப்போ டான்டீ. மாமா அங்கிருந்து ஒரு டிரங்குப் பெட்டி கொண்டுவந்தார். அதுக்குள்ள ஒரே ஒரு படம். பாஸ்போர்ட்டுக்காக கண்டியில குடும்பத்தோட நின்னு எடுத்தது. அவங்க அம்மாவுக்குன்னு இருக்கிற ஒரே படமும் அதுதான். பாதி முகத்துல ரப்பர் ஸ்டாம்ப்பு விழுந்திருக்கும். அவர் கல்யாணத்துக்குப் படமே கிடையாது. "எடுக்க யாருப்பா இருந்தா?"ன்னு சிரிப்பார். இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் "கவலைப்படாதீங்க"ன்னேன்.

முகூர்த்தம் காலையில 6 மணியிலேர்ந்து ஏழரைக்குள்ள. முதல் நாள் ராத்திரி லைன் வீட்டுல கால் வைக்க இடமில்ல, அதனால கேமரா பையை வெளிய நின்ன ஜீப்புலயே வச்சுட்டேன். அஞ்சு மணிக்கு எழுந்து எடுத்தேன். அப்படியே மண்டபத்துக்குள்ள போயிருந்தா இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. ஆனா வெளிய வெளிச்சம் வர ஆரம்பிச்சிருந்தது. தேயிலை மேல மிஸ்ட்டு இறங்கி, இலை நுனியில சொட்டுத் தண்ணி. ஃப்ளிக்கர்ல போட்டா எக்ஸ்ப்ளோர்ல வந்துடும்னு தோணுச்சு. குனிஞ்சும் நிமிந்தும் அம்பது அறுபது படம் எடுத்திருப்பேன். உள்ளேர்ந்து நண்பன் ஓடி வந்து, "டேய், தாலி எடுத்துட்டாங்கடா!"ன்னு கத்தினான்.

ஓடினேன். மழைக்காகக் ஜன்னல் எல்லாம் சாத்தி வச்சிருந்தாங்க. முன்னூறு பேர் மூச்சு, ஹோமப் புகை, பின்னாடி சமையல்கட்டுலேர்ந்து இட்லி ஆவி. மேடை ஏறி கேமராவைக் கண்ணுல வச்சா ஒண்ணுமே தெரியல. வெள்ளை. லென்ஸ் பூரா ஆவி படிஞ்சு கண்ணாடி பால் மாதிரி இருக்கு. வேட்டி நுனியால துடைச்சேன். மூணு செகண்ட் தெரிஞ்சது, மறுபடி வெள்ளை. லென்ஸை மாத்தினேன். அதுவும் அதே பையில ராத்திரி பூரா ஜில்லுன்னு கிடந்ததுதானே, அதுவும் வெள்ளை. கெட்டிமேளம் கொட்டிட்டாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு சுடற மாதிரி பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தேன். கேமராவோட சொந்த ஃப்ளாஷ் வேற அடிச்சு, பனிக்குள்ள லாரி ஹெட்லைட் போட்ட கதையா இன்னும் வெள்ளையாச்சு.

மொத்தம் 14 படம். ஒண்ணுல ஒரு சிவப்புக் கறை தெரியும், அது கூறைப்புடவை. இன்னொண்ணுல மஞ்சளா ஒரு கோடு. அவ்வளவுதான் தாலி கட்டு.

பத்து நிமிஷத்துல லென்ஸ் தானா தெளிஞ்சுடுச்சு. அதுக்கப்புறம் அம்மி மிதிச்சது, அருந்ததி பார்த்தது, சாப்பாட்டுப் பந்தி, அழுத அத்தை, தூங்கின குழந்தை எல்லாம் எடுத்தேன். அன்னிக்கு மட்டும் ஆயிரத்து நூறு படம். நல்லாத்தான் இருந்தது. யாருக்கு வேணும்?

நாலு நாள் கழிச்சு மாமாகிட்ட போய் சொன்னேன். திட்டுவார்னு நெனச்சேன். அவர் ஒண்ணும் சொல்லல. "சரிப்பா, நீயும் காசா வாங்கின? விடு"ன்னார். அந்த வார்த்தை இன்னிக்கும் காதுல இருக்கு. காசு கொடுத்திருந்தா சட்டையைப் பிடிச்சிருக்கலாம். நான் ஓசியில எடுத்ததால அவரால கோவப்படக்கூட முடியல. எனக்குக் காப்பு, அவருக்கு நஷ்டம்.

கடைசியில காப்பாத்தினது திருப்பூர்லேர்ந்து வந்த பொண்ணோட தாய்மாமன். அவர்கிட்ட ஒரு நோக்கியா 6600. மூணாவது வரிசையிலேர்ந்து ஒண்ணு எடுத்து வச்சிருந்தார். 640க்கு 480. யாரோ ஒருத்தரோட குடுமி பாதியை மறைக்குது. ஆனா மாப்பிள்ளை கையில மஞ்சக்கயிறு தெரியுது, பொண்ணு தலை குனிஞ்சிருக்கிறது தெரியுது, பின்னாடி மாமா கும்பிட்டுக்கிட்டு நிக்கிறது தெரியுது. அதை பிரிண்ட் போட ஊர்ல இருந்தது ஒரே ஸ்டுடியோ. எது? நான் ஆவணியில பொழப்பைக் கெடுத்தேனே, அதே ஸ்டுடியோ.

அந்த அண்ணன் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார். சிரிக்கல. "குளிர்ல இருந்த கண்ணாடியை சூட்டுக்குள்ள கொண்டுவந்தா வேர்க்கும் தம்பி. வெளியவே ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு, காத்துப் புகாம கட்டி, அப்புறம் உள்ள கொண்டுவா. வேர்வை கவர் மேல படியும். கேமரா சூடானதும் பிரி. ஒரு அரை மணி நேரம் ஆகும். இந்த ஊர்ல இதுதான் முதல் பாடம்"னார். ஸ்ட்ரோபிஸ்ட் பூரா படிச்சவன் ஙேன்னு நின்னேன்.

அப்புறம் இன்னொண்ணும் சொன்னார். "ஓசியில எடு, தப்பில்ல. நான்கூட முதல் ரெண்டு வருஷம் சம்பளமில்லாமதான் இருந்தேன். ஆனா என் மொதலாளி பக்கத்துல நின்னு லைட் பிடிச்சேன். தாலியை அவர் எடுத்தார். நான் தப்பு பண்ணினா யாருக்கும் ஒண்ணும் போகாது."

அடுத்த வாரத்துலேர்ந்து லீவு கிடைக்கிறப்பல்லாம் கோவையிலேர்ந்து பஸ் ஏறிப் போய் அவருக்கு லைட் பிடிச்சேன். ஒயர் சுத்தினேன், குடை பிடிச்சேன், ஜீப்பு தள்ளினேன். ரெண்டு வருஷம். சம்பளம் சாப்பாடு மட்டும். பிரியாணிக் கல்யாணமா பார்த்து வர்றேன்னு கிண்டல் பண்ணுவார் :-)

அவர் கத்துக்கொடுத்தது எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. கூடலூர் பக்கம் ஒவ்வொரு கல்யாணமும் ஒரு தினுசு. மலையாளி இந்து வீட்டுல நம்மாளுங்க மாதிரி ரெண்டு மணி நேரச் சடங்கெல்லாம் கிடையாது, லென்ஸ் மாத்தறதுக்குள்ள தாலி ஏறி, புடவை கொடுத்து, வலம் வந்து முடிஞ்சிரும். முஸ்லிம் வீட்டு நிக்காஹ்ல பொண்ணு வரும்னு காத்திருந்தா நாள் பூரா காத்திருக்கணும். அங்க மாப்பிள்ளை கையும் பொண்ணோட அப்பா கையும் சேர்ற நொடிதான் கல்யாணம். சர்ச்சுன்னா முதல் நாளே ஃபாதரைப் பார்த்து எங்க நிக்கலாம், எப்போ ஃப்ளாஷ் அடிக்கக் கூடாதுன்னு கேட்டுக்கணும். நம்ம பக்கம் புரோகிதர்கிட்ட போய் "சாமி, முடிச்சு போடறப்போ ஒரு கண் காட்டுங்க"ன்னு சொல்லி வச்சுக்கணும். இத்தனை நாள் நான் கேமராவைப் படிச்சேன், அவர் கல்யாணத்தைப் படிச்சு வச்சிருந்தார்.

ஃபிலிம்ல வளந்தவர். ஒரு ரோலுக்கு 36. நாலு ரோல்ல ஒரு கல்யாணத்தையே முடிச்சிருக்கார். என் ஆயிரத்து நூறைக் கேட்டு, "பாவம், யாரு உக்காந்து பாப்பா?"ன்னார். பழைய நெகட்டிவ் எல்லாம் 'இந்து' பேப்பர் டப்பாக்கள்ல வருஷம் எழுதி அடுக்கி வச்சிருந்தார். ஊட்டியில 1960ல ஆரம்பிச்சு, 1967லேர்ந்து இந்துன்னு பேர் போட்டு ஃபிலிமும் பேப்பரும் செஞ்ச ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸோட டப்பா. ஃபேக்டரி மூடிப்போச்சு, இந்து நகர்ங்கிற பேர் மட்டும் ஊட்டியில இருக்கு. (அந்த ஃபேக்டரி பத்தியே தனியா ஒரு பதிவு போடணும்.) அண்ணனோட டப்பாவைத் திறந்தா தேவர்சோலையில பாதி வீட்டுக் கல்யாணம் உள்ள இருக்கும். அவர்கிட்ட ஒரே குறை, கரிஷ்மா ஆல்பத்துல மாப்பிள்ளையையும் பொண்ணையும் ரோஜாப்பூவுக்குள்ள வச்சுடுவார். எவ்வளவோ சண்டை போட்டேன். "அதைத்தான்டா கேக்கறாங்க"ன்னுட்டார்.

2011ல நண்பனுக்கே கல்யாணம். மாமா ஸ்டுடியோ அண்ணனையும் என்னையும் சேர்த்துக் கூப்பிட்டார். வெத்தலைபாக்குத் தட்டுல 501 ரூபாய் வச்சு என் கையில கொடுத்தார். "ஐயோ மாமா, இவன் கல்யாணத்துக்கு நான் காசு வாங்குவேனா?"ன்னு பின்னாடி போனேன்.

"வாங்கிக்க தம்பி. அப்பதான் நான் கேக்க முடியும்"னார்.

வாங்கிக்கிட்டேன். அண்ணன் அவர்பாட்டுக்கு பாக்கு மென்னுக்கிட்டு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

முகூர்த்தத்தன்னிக்கு நாலு மணிக்கு எழுந்து, ரெண்டு கேமராவையும் அரிசிக்கடை பிளாஸ்டிக் கவர்ல போட்டு, ரப்பர் பேண்டு சுத்தி, மேடைக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு மடியில வச்சுக்கிட்டு உக்காந்தேன். வெளிய அதே மிஸ்ட்டு, அதே சொட்டு. எட்டிக்கூடப் பார்க்கல. மாமா பட்டு வேட்டியில வந்து நின்னு கவரையே பார்த்தார்.

"என்னப்பா, கேமராவுக்கு ரெயின்கோட்டா?"

"ஆமா மாமா. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, கழட்டிடறேன்."

"பார்த்துக் கழட்டு"ன்னு சொல்லிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தப் பத்து நிமிஷமும் அங்கயே உக்காந்துட்டார்.

பி.கு: ஆபீஸ் தம்பிக்கு அந்த அண்ணனோட நம்பரைக் கொடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை ஒரு வளைகாப்பாம், லைட் பிடிக்க ஆள் வேணும்னு சொன்னார்.