பெரிய இயந்திரமும் சிறிய விமானமும்

மட்டக்களப்பு வாவி, எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்துக்கொண்டு, ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கின்றது. அதன் கரைகளில் வாழ்வோருக்குச் சமநிலை என்பது பாடநூலில் மட்டும் கற்றறியும் பொருள் அன்று. ஒடுங்கிய தோணியில் எழுந்து நின்று வலை வீசுபவன், தன் உடலின் பாரம் எங்கே விழவேண்டும் என்பதைக் கால்களால் அறிந்தே வீசுகின்றான். அந்த அறிவுக்கு அவன் பெயர் எதுவும் இடுவதில்லை. இடவேண்டிய தேவையும் அவனுக்கு நேர்வதில்லை.

படுவான்கரைக் கிராமமொன்றில், உயர்தர வகுப்பில் பயிலும் இளைஞன் ஒருவன் சிறு விமானம் ஒன்றைச் செய்ய முற்பட்டபோது, அந்த அறிவுக்குப் பெயர் தேடவேண்டியதாயிற்று. ரெஜிபோம் அட்டைகளை வெட்டி ஒட்டி அவன் அமைத்த விமானத்தின் இறக்கை, ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை 120 சென்ரிமீற்றர் நீளமும் 20 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது. அவன் பின்பற்றிய வரைபடம், மூக்கில் 80 கிராம் எடையுள்ள மின்மோட்டார் ஒன்றைப் பொருத்துமாறு கூறியது. முழு விமானத்தின் எடையும் 900 கிராம் அளவில் இருத்தல் வேண்டும்.

அத்தகைய மோட்டார் அவனுக்குக் கிடைக்கவில்லை. கட்டாரில் தொழில் புரியும் ஒன்றுவிட்ட அண்ணன், விடுமுறையில் வந்தபோது ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தான். அதன் எடை 180 கிராம். வலுவோ தேவையானதைப் போல் இரு மடங்குக்கும் மேல். அன்பினால் வந்த பொருளை அளவிற் பெரிது என்று திருப்பிக் கொடுக்க எவருக்கு மனம் வரும்? வலு கூடினால் பறப்பும் சிறக்கும் என்றே அவன் எண்ணினான்.

இத்தகைய விமானம் ஒன்றின் புவியீர்ப்பு மையம், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தூரத்தில் அமைதல் வேண்டும். இங்கே அது 5 சென்ரிமீற்றர். அந்த இடத்தில் இறக்கையின் அடியில் இரு விரல் நுனிகளை வைத்துத் தூக்கினால், விமானம் கிடையாக நிற்கவேண்டும். அவனது விமானமோ மூக்கைக் கவிழ்த்துக்கொண்டது. மூக்கு பாரமான விமானம் சோம்பிப் பறக்கும். இறங்கும்போது நிலத்தை நோக்கிக் குனியும். வால் பாரமானதோ அதனினும் கொடியது. ஒரு முறை தடுமாறினால் மீண்டும் நேர்நிலைக்கு வர அது மறுக்கும்.

கணக்கு எளிதானதே. மேலதிகமான 100 கிராமும் சமநிலைப் புள்ளிக்கு 20 சென்ரிமீற்றர் முன்னால் இருந்தது. எடையைத் தூரத்தாற் பெருக்கினால் 2000. இதனையே விசையின் திருப்பம் என்று வகுப்பறையில் கற்பிக்கின்றனர். வால் 50 சென்ரிமீற்றர் பின்னால் இருந்தமையால், அங்கே 40 கிராம் வைத்தால் அதே 2000 கிடைக்கும். மாமாவின் பழைய வீச்சுவலையிலிருந்து ஈயமணிகள் சிலவற்றைக் கழற்றி வாலில் ஒட்டினான். விமானம் விரல் நுனிகளில் அசையாது நின்றது.

வாவியிலே பல்லாண்டு வலை வீசியவரும், கல்லடிக் கடலில் இயந்திரப் படகுகளில் தொழிலுக்குச் சென்றவருமான மாமா, அதனைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப நேராத்தான் இரிக்கு மருமகன். ஓடக்குள்ள எப்பிடி இரிக்கும்?”

அக்கேள்வியின் பொருள் அன்று அவனுக்கு விளங்கவில்லை. பெரும்போக அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலிலே, நண்பன் ஒருவன் விமானத்தைக் கையிலேந்தி எறிய, அவன் மோட்டாரை முழு வேகத்தில் இயக்கினான். விமானம் மூக்கை நிமிர்த்திக்கொண்டு செங்குத்தாக எழுந்தது, இடப்புறம் புரண்டது, வேகம் இழந்து வரம்பின்மேல் விழுந்தது. மூன்று மாதத்து உழைப்பு முறிந்து கிடப்பதற்குப் பத்து விநாடிகளும் ஆகவில்லை.

விரல் நுனியிற் காணும் சமநிலை, பாதிச் சமநிலையே. மோட்டார் சுழல்விசிறியை ஒரு திசையிற் சுழற்றும்போது, விமானத்தின் உடல் எதிர்த்திசையிற் புரள முனைகின்றது. வலு கூடக்கூட அம்முனைப்பும் கூடும். இழுவை மிகும்போது மூக்கு மேலெழும் இயல்பும் வலுக்கின்றது. ஈயமோ வேறொரு தீமையையும் செய்தது. மோட்டாரும் ஈயமும் சேர்ந்து விமானத்தை 1040 கிராம் ஆக்கின. விழாது பறப்பதற்கு வேண்டிய குறைந்த வேகம் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுவதால், அவ்வேகம் ஏறக்குறைய 7 சதவீதம் உயர்ந்தது. இரு முனைகளிலும் பாரம் ஏறிய உடல், சுக்கானின் கட்டளைக்குப் பிந்தியே இணங்கும்.

இது சிறுவர் விளையாட்டுக்கு மாத்திரம் உரிய சிக்கல் அன்று. போயிங் 737 விமானம் முதன்முதலாகப் பறந்தது 1967 ஏப்ரல் 9ஆம் திகதி. ஒடுங்கிய இயந்திரங்களுக்கு ஏற்ப, நிலத்துக்கு அண்மையிற் தாழ்ந்து நிற்குமாறு அதன் உடல் அமைக்கப்பட்டது. அதே பரம்பரையில் வந்த 737 மக்ஸ், 2016 ஜனவரி 29ஆம் திகதி பறந்தது. எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு அதிற் பொருத்தப்பட்ட இயந்திரத்தின் விசிறி, ஏறத்தாழ 176 சென்ரிமீற்றர் விட்டமுடையது. முந்திய தலைமுறையின் விசிறியோ 155 சென்ரிமீற்றர். தாழ்ந்த இறக்கையின் கீழ் அதற்குப் போதிய இடமில்லாமையால், இயந்திரங்கள் முன்னோக்கியும் மேல்நோக்கியும் நகர்த்தப்பட்டன. மூக்கு மிக நிமிர்ந்த வேளைகளில் அவ்வியந்திரங்களின் உறைகளே மூக்கை மேலும் உயர்த்த முனைந்தன.

அதனை ஈடுசெய்யக் கணினி நிரல் ஒன்று சேர்க்கப்பட்டது. அது தானாகவே மூக்கைத் தாழ்த்தும். ஆனால் ஒரே சமயத்தில் ஒரே ஓர் உணரியின் சொல்லையே அது நம்பியது. விமானிகளுக்குரிய கைந்நூலில் அதனைப் பற்றிய விளக்கமும் இருக்கவில்லை. 2018 ஒக்டோபர் 29ஆம் திகதி இந்தோனேசியாவின் லயன் எயார் விமானம் ஜாவாக் கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர். 2019 மார்ச் 10ஆம் திகதி எதியோப்பிய விமானம் வீழ்ந்து 157 பேர் மாண்டனர். இரண்டிலும் உணரி பொய் சொன்னது. நிரல் மூக்கைத் தாழ்த்திக்கொண்டே இருந்தது. உலகெங்கும் நிலத்தில் நிறுத்தப்பட்ட அவ்விமானம், திருத்தங்களின் பின்னரே, 2020 நவம்பரில் அமெரிக்காவில் மீண்டும் பறக்க அனுமதி பெற்றது.

வாலில் ஒட்டிய ஈயத்துக்கும் அந்த நிரலுக்கும் அளவில் ஒப்புமை இல்லை. எனினும் எண்ணத்தில் உண்டு. இரண்டும் பொருந்தாமையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, வேறோர் இடத்தில் அதனை மறைக்க முயன்றன. மறைக்கப்பட்ட குறை, விமானம் தடுமாறும் வேளையில் வெளிப்படும். அதனை ஓட்டுபவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஒருவேளை தப்பலாம். தெரியாவிடின் அவன் யாரோடு போராடுகின்றான் என்பதே அவனுக்கு விளங்காது.

முறிந்த விமானத்தைக் கண்ட மாமா கடிந்துகொள்ளவில்லை. “கடலுக்குள்ள எஞ்சினைக் கூட்டினா அணியம் மேல எழும்பும். அதுக்கு நாங்க கல்லா ஏத்துற? இரிக்கிற ஆக்கள் கொஞ்சம் முன்னுக்குப் போய் இரிப்பம். பாரத்தைக் கூட்டாத, மருமகன். இடத்தை மாத்து” என்றார்.

விமானத்தில் இடம் மாறக்கூடிய பாரம் பற்றரியே. அதன் எடை 200 கிராம். அதனை 10 சென்ரிமீற்றர் பின்னால் நகர்த்தினால், மீண்டும் அதே 2000. ஒரு கிராம் தானும் கூட்டவேண்டியதில்லை. இக்கணக்கை முதல் நாளே போட்டிருக்கலாம். ஆனால் ஒட்டிவிட்ட பற்றரிப் பெட்டியை வெட்டியெடுக்க அன்று அவனுக்கு மனம் வரவில்லை. இப்போது உடலை அறுத்துப் பெட்டியைப் பின்தள்ளினான். மோட்டாரைத் தாங்கும் பலகையைக் கீழ்நோக்கியும் வலப்புறமாகவும் இரண்டு மூன்று பாகை சாய்த்தான். சிறிய விசிறியைப் பூட்டினான். வேகத்தைப் பாதிக்கு மேற் கூட்டுவதில்லை என்றும் உறுதி கொண்டான். ரெஜிபோம் இறக்கை தாங்கக்கூடிய வலுவுக்கு ஓர் எல்லை உண்டு. மோட்டாருக்கு அது தெரியாது, ஓட்டுபவனுக்குத் தெரிதல் வேண்டும்.

மறுமுறை விமானம் வயலின்மேல் நான்கு வட்டமிட்டு இறங்கியது. பெரிய மோட்டாரின் வலுவிற் பாதி வீணாயிற்று என்று நண்பர்கள் குறைப்பட்டனர். அது உண்மையே. அடுத்த விமானத்தை அந்த மோட்டாருக்கு ஏற்ற உடலோடு தொடக்கத்திலிருந்தே அமைப்பதாக அவன் கூறினான்.

ஈயமணிகள் வீச்சுவலைக்குத் திரும்பின. மாமா அவற்றை ஒவ்வொன்றாக விளிம்பிற் கோத்தார். வலையைப் பொறுத்தமட்டில் அவை மிகையான பாரம் அல்ல. அவை அங்கே இருக்கவேண்டியவை.