முடிவுரையை நான் சொல்றேன், எழுதிக்கோ

ஒரு குழந்தை எழுதிய கடைசி வரிகளைச் சிவப்பு மையால் அடித்தேன். அந்த இடத்தில் என் வரியை எழுத வைத்தேன். அதன் கீழே 'மிக நன்று' என்றும் போட்டேன். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

ஹவுரா பக்கம் சாந்த்ராகாச்சியில் எங்கள் வீட்டு முன்னறையில் பதினைந்து வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வருவது ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகள். வாரமெல்லாம் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் வங்காளமும் படித்துவிட்டு, சனிக்கிழமை மாலை தமிழுக்கு வருவார்கள். கட்டுரையின் கடைசிப் பத்தியை வங்காள வகுப்பில் 'உபசங்ஹார்' என்பார்கள். என்னிடம் அது முடிவுரை. நான் பள்ளியில் படித்தபோது குறிப்புச் சட்டகத்தின் கடைசியில் அந்த ஒரு சொல் நிற்கும். 'ஆகவே நாம் அனைவரும் காப்போம், வளம் பெறுவோம்' என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். எதைக் காப்போம் என்ற இடத்தில் மரம், நீர், நூலகம் என்று தலைப்புக்கேற்ப ஒன்றை வைப்போம். எனக்கு வந்ததை அப்படியே இந்தப் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன்.

நான் சொன்ன அந்தக் குழந்தை ஏழாவது படித்தாள். தலைப்பு 'ஹவுரா பாலம்'. அவள் அப்பா தினமும் லோக்கல் ரயிலில் ஹவுரா போய், பாலத்தை நடந்தே கடந்து புர்ராபஜாருக்கு வேலைக்குப் போகிறவர். பொருளுரையை அழகாக எழுதியிருந்தாள். 1874-இல் போட்ட மிதவைப் பாலம், கப்பல் போவதற்காக நடுவில் திறக்க வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக வந்த இன்றைய பாலம் 1943 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 26,500 டன் எஃகு, அதில் பெரும்பகுதி டாட்டா ஆலையிலிருந்து வந்தது. ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. எல்லாம் ரிவெட் அடித்து இணைத்தது. பிறகு கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

'கம்பத்தின் அடியில் இருக்கும் இரும்பு மூடி 6 மில்லிமீட்டர் இருந்தது. பான் எச்சில் பட்டு 3 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. அப்பா எனக்குக் காட்டினார். பாலத்துக்கு நாம் பாரம் இல்லை. நாம் துப்புவதுதான் பாரம்.'

அவள் எழுதியது உண்மை. மேலிருந்து இறங்கும் தூக்குக் கம்பங்களின் அடியில் தண்ணீர் இறங்காமல் இருக்கப் போட்ட மூடிகள் அவை. பானும் குட்காவும் கலந்த எச்சிலால் சில ஆண்டுகளுக்குள் அவற்றின் தடிமன் பாதியாகிவிட்டதென்று 2011-இல் செய்தி வந்தது. பிறகு அந்த அடிப்பகுதிகளை ஃபைபர்கிளாஸால் மூடினார்கள். அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. 'எச்சில்' என்ற சொல் கட்டுரைக்கு ஆகாது என்றேன். முடிவுரையில் புதுச் செய்தி வரக்கூடாது என்றேன்.

"டீச்சர், நானே பார்த்தேன்" என்றாள்.

"முடிவுரையை நான் சொல்றேன், எழுதிக்கோ."

பாரம்பரியச் சின்னங்களைக் காப்போம், பெருமை கொள்வோம் என்று சொன்னேன். தலை குனிந்து எழுதினாள்.

அன்று மணி ஏழைத் தாண்டியிருந்தது, இன்னும் பதினோரு நோட்டு பாக்கி என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எனக்கே முடிக்கத் தெரியாது. சொல்ல வேண்டிய செய்தி தீர்ந்ததும் எனக்குப் பயம் வந்துவிடும். சொன்னது போதாதோ, படிக்கிறவர் 'அதனால் என்ன?' என்று கேட்பாரோ என்று. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் முடிவுரையின் வேலை. நான் பதில் தேடாமல் ஒரு 'போம்' போட்டு எழுந்துவிடுவேன். பொங்கல் விழாவில் பேசினாலும் அப்படித்தான். அவளுக்கு அந்தப் பயம் இல்லை. சேர்த்து வைத்த செய்தியெல்லாம் தன் மனதில் எங்கே போய் நின்றதோ அங்கேயே நிறுத்தினாள்.

புதுச் செய்தி கூடாது என்ற விதி தவறில்லை. ஆனால் அதற்காக அடித்திருக்கவே வேண்டாம். மூடி பற்றிய வரிகளை ஓர் அம்புக்குறி போட்டு மேலே பொருளுரைக்கு ஏற்றியிருந்தால், அந்தக் கடைசி இரண்டு வரி தனியாக நின்றிருக்கும். படிக்கிறவருக்கு எல்லாம் தெரிந்த பிறகு வந்து விழுந்திருக்கும்.

இது எனக்குப் புரிய ஆறு வருடம் ஆனது. சிப்பூர் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தைப் பற்றி ஒரு பையன் எழுதினான். பூஞ்சை பிடித்து அடிமரத்தை 1925-இல் வெட்டி எடுத்ததையும், மரம் விழுதுகளாலேயே பரவி நிற்பதையும் சொல்லிவிட்டு, வழக்கம்போல் 'மரம் வளர்ப்போம்' என்று முடித்திருந்தான். நோட்டை மூடச் சொன்னேன். "இதைப் பத்தி உங்க பாட்டிகிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லணும்னா என்ன சொல்லுவே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "நடுவுல ஒண்ணுமே இல்ல பாட்டி, சுத்தி நிக்கிறதெல்லாம் சேர்ந்துதான் மரம்" என்றான். அதையே எழுதச் சொன்னேன். அன்று இரவு எனக்கு அவள் நோட்டுத்தான் கண்ணில் நின்றது.

அவள் எட்டாவது முடியும் வரை என்னிடம் படித்தாள். அந்தப் பாலக் கட்டுரைக்குப் பிறகு எந்தக் கட்டுரையையும் அவள் முடிக்கவில்லை. பொருளுரை வரை எழுதி, அடியில் நான்கு வரிக்கு இடம் விட்டு, நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள்.

"டீச்சர், முடிவுரை சொல்லுங்க."

நானும் சொன்னேன்.