சாலை மரமும் நடைபாதையும்

மரம் நிழல் தருகின்றது. பாதை வழி தருகின்றது. இரண்டும் ஊரார்க்குப் பொதுவானவை. இவை ஒன்றோடொன்று பகைத்து நிற்குமாயின் எதனைக் காப்பது, எதனைக் கைவிடுவது? நகரில் வாழும் நம்மவர் இவ்வினாவைச் சிறிதென்று ஒதுக்குதல் தகாது.

யான் குடியிருக்கும் தெருவில் அங்சானா மரங்கள் வரிசையாக நிற்கின்றன. நம் பழம்புலவர் போற்றிய வேங்கையின் இனத்தைச் சேர்ந்தவை அவை. ஒரே நாளில் பூத்து உதிரும் அவற்றின் மலர்களால் தெருவெங்கும் பொன் பரப்பினாற்போல் தோன்றும். ஆனால் அப்பொன்விரிப்பின் கீழே நடைபாதைக் கற்கள் மேடும் பள்ளமுமாய்க் கிடக்கின்றன. தோட்டத்தில் நெடுங்காலம் பால்மரம் வெட்டி, இப்போது மகன் வீட்டில் வாழும் முதியவர் ஒருவர், சென்ற மழைக்காலத்தில் அக்கற்களில் இடறி வீழ்ந்து மணிக்கட்டு முறிந்தார்.

உடனே தெருவார் கூடினர். மரங்களை அடியோடு வெட்டவேண்டுமென நகராண்மைக் கழகத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கையொப்பத்திற்காக என்னிடமும் கொணர்ந்தனர். வேறு சிலரோ ஒரு மரத்தடியில் மஞ்சள் துணி சுற்றிச் சூலம் நட்டு, தொட்டவர் குடும்பம் கெடும் என அச்சுறுத்தினர். கோடரிக்கும் சூலத்துக்கும் இடையே அறிவுக்கு ஓர் இடமில்லையா?

வேர் கல்லைப் பெயர்ப்பது ஏன் என்று முதலில் ஆராய்வோம். மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம் வேர் செல்லும் என்பது பலர் எண்ணம். உண்மை அதுவன்று. பெருமரத்தின் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் 2, 3 அடிக்குள்ளேயே படர்ந்து, கிளைகளின் எல்லைக்கும் அப்பால் ஓடுகின்றன. வேருக்கு நீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். சாலை அமைப்போர் மண்ணை இடித்து இறுக்குவதால் அடியில் காற்று நுழைய வழியில்லை. கற்பலகையின் கீழுள்ள மணற்படுகையிலோ ஈரமும் உண்டு, காற்றும் உண்டு. அங்கே நூல்போல் நுழையும் வேர் ஆண்டுதோறும் பருத்துக் கல்லை மேலே தூக்குகின்றது. பெருமரத்துக்கு முழ அளவு குழி கொடுத்துவிட்டு அது எல்லை மீறியது என்று வழக்காடுவது முறையாகுமா?

இம்மரங்கள் தாமே வந்து நின்றவை அல்ல. தூங்குமூஞ்சி மரம் 1876இல் அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டது. அந்நகரில் 1963இல் மரம் நடும் இயக்கம் தொடங்கிற்று. பின்னர் விரைவில் நிழல் பெறவேண்டி அங்சானாவின் பெருங்கிளைகளையே வெட்டிச் சாலையோரங்களில் நட்டனர். நிழலை நாடி நட்டவர் நாமே. வேருக்கு இடம் வகுக்கவேண்டியவரும் நாமே.

"வேரை மட்டும் வெட்டிக் கல்லைச் சமன் செய்தால் போதாதா?" என்பர். அதுவே பேரிடர். மரத்தைப் புயலில் தாங்கி நிற்பவை அவ்வேர்களே. வெட்டுப்பட்ட புண்ணின் வழியே அழுகற் காளான் புகும். ரப்பர்த் தோட்டத்து வெண்வேர் நோயைக் கண்டவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நோய் பரவாதிருக்கக் காண் வெட்டியவர் அன்றோ அவர்கள்! மேலே இலை பசுமையாயிருக்கையிலேயே கீழே வேர் மடிந்திருக்கும் என்பதை அவர் அறிவர். நகர நடுவே பெருமரம் சாய்ந்தால் நேரும் கேட்டைக் கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலை 2024 மே 7ஆம் நாள் கண்டது. அன்று ஓர் உயிர் போயிற்று.

கைமுறிந்த முதியவரைக் காணச் சென்றேன். மரத்தின்மேல் சினங்கொண்டிருப்பார் என்றே எண்ணினேன். அவரோ, "தம்பி! மரத்தை வெட்டிவிட்டால் வெயிலில் நான் கடைக்குப் போவது எப்படி? மரம் இருக்கட்டும்; பாதையைச் செம்மையாகப் போடச் சொல்லுங்கள்" என்றார். மரத்தால் துன்புற்றவரே மரத்துக்காக வாதாடினார்!

அதன்பின் வேறொரு விண்ணப்பம் எழுதினேன். முதல் ஒப்பம் அவருடையது, இடக்கையால் இட்டது. எழும்பிய பலகைகளை நீக்கி வேரின்மேல் மெல்லிய சரிவாகப் பாதை அமைக்கலாம். இடமுள்ள இடத்தில் மரத்தைச் சுற்றி வளைத்துப் போடலாம். வேண்டும்போது எடுத்து மீண்டும் பதிக்கத்தக்க சிறு கற்களை இடலாம். வேரை வெட்டியே ஆகவேண்டுமெனில் மரநூல் வல்லார் பார்த்த பின்னரே வெட்டவேண்டும் என்று கேட்டிருந்தோம். அதிகாரிகள் வந்து பார்த்தனர். உள்ளே புரையோடிய மரம் ஒன்று அகற்றப்பட்டது. இரண்டைச் சுற்றிப் பாதை வளைந்தது. எஞ்சியவை இன்னும் காத்திருக்கின்றன. புரையோடியது சூலம் நட்ட மரமே. அதனை அகற்றியதால் எக்குடும்பமும் கெடவில்லை.

இனி நடும் மரங்களுக்கேனும் முன்னறிவு வேண்டும். ஒடுங்கிய தெருவுக்குச் சிறுமரம். பரந்த திடலுக்குத் தூங்குமூஞ்சி. பாரம் தாங்கும் கற்களை நெருக்கி அடுக்கி, இடைவெளியில் வேர் ஓட மண் நிரப்பும் முறையை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1990களில் வகுத்தனர். பாதைக்கு உறுதியும் வேருக்கு இடமும் ஒருங்கே கிடைக்கும் வழி அது. செலவு மிகுதியே, ஆயினும் உடைந்த பாதையை ஆண்டுதோறும் ஒட்டுப்போடுவதும், முறிந்த எலும்பைக் கட்டுவதும் செலவில்லையா?

அன்பர்களே! உங்கள் தெருவில் கல் எழும்பியிருந்தால் கோடரியைத் தேடுமுன் மண்ணைக் குனிந்து பாருங்கள். பிணி இன்னதென்று அறிந்து கேட்போர்க்கே மருந்து கிட்டும். முதியவர் இடறாமல் நடக்கவும், நடக்கையில் தலைமேல் நிழல் இருக்கவும் ஒருசேரக் கேட்பது பேராசையன்று, நகரத்தாரின் உரிமை.